புத்தளம் தாண்டினால் வலிக்கிறது

போன இதழில் பைக்கில் தூரப் பயணம் போவது பற்றி எழுதிவிட்டு, உங்கள் வண்டியில் உங்களுக்கு என்ன தொல்லை என்று எழுதுங்கள் என ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் என்ஜினைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. எல்லாம் பின்பக்கம், மணிக்கட்டு, கழுத்து, முழங்கால். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன், கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியும் இருக்கிறேன்.

கேள்வி: எக்ஸ்பல்ஸ் 200 வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போய் வருவேன். புத்தளம் வரை ஒன்றும் தெரியாது, அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. நொச்சியாகமத்தில் இறங்கி நொண்டி நொண்டி நடக்கிறேன். இணையத்தில் ஒரு ஜெல் மெத்தை பார்த்தேன், விலை அதிகம். வாங்கலாமா?
வங்கி ஊழியர், வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். வலிப்பது பின்பக்கம் என்பதால் குற்றவாளி ஸீட்தான் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம், பாதி நேரம் அது பொய். முதலில் காசு செலவில்லாத மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ரயர் காற்று. பெற்றோல் செட்டில் பையன் அவன் பழக்கத்துக்கு ஏற்றிவிடுகிற அளவு வேறு, உங்கள் வண்டிக்கு நிறுவனம் சொல்லியிருக்கிற அளவு வேறு. கையேட்டைப் பார்த்து, வண்டி ஓடாமல் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள். கல் மாதிரி இருக்கிற ரயர் வீதியின் ஒவ்வொரு வெடிப்பையும் நேரே முதுகெலும்புக்குச் சொல்லும்.

இரண்டு, பின் ஷொக் ஸ்பிரிங்கின் இறுக்கம். இதைத்தான் யாரும் தொடுவதில்லை. ஒரு நண்பரையும் அளவு நாடாவையும் கூட்டிக்கொள்ளுங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே ஸீட்டுக்குக் கீழே ஒரு இடம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமான ஜக்கெட், பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து அதே இடத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குப் பின்னால் 170 மில்லிமீற்றர், ஆகவே 55ஐ ஒட்டி வந்தால் சரி. 30 வந்தால் ஸ்பிரிங் மிக இறுக்கம், குழிக்கெல்லாம் நீங்கள்தான் ஷொக். 80 வந்தால் மிகத் தளர்வு, பெரிய குழியில் அடி தட்டும். வளையத்தைத் திருப்பக் கொக்கிச் சாவி வேண்டும், கராஜில் இரவல் தருவார்கள்.

மூன்று, ஸீட் முன்பக்கம் சரிந்திருக்கிறதா என்பது. உட்கார்ந்து கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உடலைத் தளர விடுங்கள். மெதுவாக டேங்கை நோக்கி வழுக்கினால், ஓடும்போது நீங்கள் அறியாமலே கையாலும் காலாலும் உங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். நாலு மணி நேரம் அப்படித் தள்ளினால் எதுதான் வலிக்காது? பரிசோதிக்க ஒரு பழைய துவாயை ஆப்பு மாதிரி மடித்து, ஸீட்டின் முன் பாதியில் வைத்து டேப்பால் சுற்றி, நீர்கொழும்பு வரை ஒருதரம் போய் வாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இந்த மூன்றும் பார்த்த பிறகும் வலி இருந்தால் ஸ்பொஞ்சைத் தொடலாம். இங்கேதான் எல்லோரும் ஒரே பிழையை விடுகிறார்கள், நானும் விட்டேன். குஷன் வேலை செய்கிற ஒரு கடையில் கொடுத்து, நல்ல மெத்தென்று போடுங்கள் பாஸ் என்றேன். அவரும் போட்டார். வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது சொர்க்கம். சிலாபத்திலேயே நரகம் ஆரம்பித்துவிட்டது. காரணம் எளிது. நம் உடல் எடையைத் தாங்குவது பிட்டத்துக்குள் இருக்கிற இரண்டு எலும்பு முனைகள். மென்மையான ஸ்பொஞ்சில் அந்த முனைகள் இருபது நிமிடத்தில் அமிழ்ந்து அடித்தட்டைத் தேடிப் போய்விடும், சுற்றியுள்ள சதை நசுங்கி இரத்த ஓட்டம் குறையும், அப்புறம் மரத்துப்போகும். தூரப் பயண ஸீட் கடையில் அழுத்திப் பார்க்கும்போது கொஞ்சம் கட்டியாகவே இருக்க வேண்டும். உங்கள் ஜெல் மெத்தைக்கும் இது பொருந்தும். வெயிலில் நிறுத்தினால் ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு தொல்லை. மெமரி ஃபோம் என்று விற்பதும் சூட்டில் இளகிப்போகிற சாமான், கொழும்பு வெயிலுக்கு அது உதவாது.

நீங்களே செய்வதானால், ஸீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, ஸ்டேப்பிள் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து உறையை உரியுங்கள். உறையைக் கிழிக்காதீர்கள், அதுதான் அடுத்த உறைக்கு அளவு. பழைய ஸ்பொஞ்சை முழுக்க எறிய வேண்டாம். எலும்பு படுகிற இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்து, அங்கே துண்டு ஸ்பொஞ்சுகளை அமுக்கி ஒட்டிச் செய்கிற கட்டியான மெத்தை ஸ்பொஞ்சை வையுங்கள், அதன்மேல் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் மென்மையானது. வெட்டுவதற்குப் பாண் வெட்டும் நீளக் கத்தி போதும், சமன்செய்ய முரட்டு அரத்தாள். பசையை மெல்லிசாகப் பூசுங்கள், தடிப்பாகப் பூசினால் காய்ந்த பிறகு அந்தக் கோடே கல்லாகக் குத்தும். நடுவில், வாலெலும்புக்கு நேரே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விட்டால் இன்னும் சுகம்.

உறை போடுவதற்கு முன் ஸ்பொஞ்சின் மேல் மெல்லிய பொலித்தீன் ஒன்றை விரியுங்கள். நம் ஊர் மழைக்கு ரெக்சினின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்பொஞ்ச் முழுக்கக் குடித்துவிடும், பிறகு மூன்று நாள் வெயில் அடித்தாலும் உட்கார்ந்தவுடன் காற்சட்டை நனையும். முடிந்தால் உட்காரும் இடத்தில் தையலே வராதபடி ஒரே துண்டாக வெட்டுங்கள். ரெக்சினை வெயிலில் அரை மணி நேரம் போட்டு எடுத்தால் இழுவைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பிறகு இரு பக்கமும் மாறி மாறி என்று பின் அடியுங்கள். அந்த ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும், நீளம் 6 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தால் யாருக்கு வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் முடியாது என்றால் சைக்கிள்காரர்கள் போடுகிற பஞ்சு வைத்த அரைக் காற்சட்டை ஒன்று வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். வெட்கமாக இருக்கிறதா? நொச்சியாகமத்தில் நொண்டுவதைவிடப் பரவாயில்லை.

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஹா. ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு கையும் மரத்துவிடுகிறது. ஹாண்டிலை உயர்த்த ரைசர் போடலாமா? கூட்டாளி 50 மில்லிமீற்றர் போடு என்கிறான்.
மாணவர், மருதானை

பதில்: தம்பி, எந்த விரல் மரக்கிறது என்று எழுதவில்லையே. சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் எடை விழுகிறது, உடலை முன்னால் சாய்த்துக் கையில் தாங்குகிறீர்கள். பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடிந்திருக்கிறது. முதலாவதுக்கு ரைசர் உதவலாம். இரண்டாவதற்கு ஒரு ஸ்பானர் போதும். பிரேக், கிளட்ச் லீவர்களின் பிடியைத் தளர்த்தி, வழக்கமாக உட்கார்ந்து கையை நீட்டும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக வரும்படி லீவரைச் சாய்த்து இறுக்குங்கள். கைமாறி வந்த பாதி வண்டிகளில் லீவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஓடாத நாளிலும் மரத்தால் அது வண்டியின் வேலை இல்லை, வைத்தியரிடம் காட்டுங்கள்.

ரைசர் போடுவதானால் 20, மிஞ்சினால் 30. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கிடைக்கும், இல்லாவிட்டால் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். ஹாண்டில் குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், தரமான நீளப் போல்ட் கேட்டு வாங்குங்கள். பழைய போல்ட்டே நாலு புரி பிடிக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, ஹாண்டில் கையோடு வந்துவிட்டால் எங்கே போய்ப் பிடிப்பது?

இதைவிட முக்கியம் கேபிள். நான் முதன்முதலில் 40 போட்ட அன்று மாலை, வீட்டு ஒழுங்கைக்குள் வண்டியைத் திருப்பினேன். ஹாண்டிலை முழுக்க இடப்பக்கம் ஒடித்ததும் அக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு என்ஜின் தானாகக் கத்த, பதறிக் கிளட்ச்சை விட்டேன். தெரு முனைக் கடையின் வாழைக்குலைக்குள் போய் நின்றேன். முழுக் குலைக்கும் காசு கொடுத்தேன், ஒரு கிழமை வீட்டில் வாழைப்பழம்தான். ஆகவே ரைசர் பூட்டியதும் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹாண்டிலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை திருப்புங்கள். என்ஜின் சத்தம் துளிகூட மாறக் கூடாது, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோசும் எங்கும் விறைக்கக் கூடாது. விறைத்தால் கேபிள் போகும் வழியை மாற்றிக் கட்டிப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் ரைசரைக் குறையுங்கள். 50 போடச் சொன்ன கூட்டாளியிடம் நீளக் கேபிளுக்கும் ஹோசுக்கும் காசு கேளுங்கள்.

ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் அதிர்வு இருக்கத்தான் செய்யும். என்ஜின் பிடி போல்ட்டுகளையும் செயின் தளர்வையும் ஒருமுறை பாருங்கள், ஹாண்டில் முனையில் கனமான இரும்புக் குண்டு பூட்டுங்கள், கிரிப்பின் மேல் பழைய சைக்கிள் ரியூப்பை ஒரு சுற்று இழுத்துவிடுங்கள். கை சின்னதென்றால் ரியூப் வேண்டாம், தடித்த கிரிப்பைப் பிடிப்பதே ஒரு களைப்பு. முக்கியமாக, பிடியைத் தளர்த்துங்கள். வண்டி எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: என் பைக் ஹிமாலயன் 411. காற்றுக் கண்ணாடி இருந்தும் 70க்கு மேல் ஹெல்மெட் படபடவென்று ஆடுகிறது, கழுத்து நோகிறது. இன்னும் உயரமான கண்ணாடி போட்டால் நிற்குமா?
வியாபாரி, கொட்டாஞ்சேனை

பதில்: நிற்கலாம், கூடவும் செய்யலாம். அதுதான் இந்த விஷயத்தின் சனியன்.

அதிவேகப் பாதையில் நம்மை விடமாட்டார்கள், மற்ற வீதிகளில் ஊருக்கு வெளியே எல்லையே 70தான், அதற்கு மேல் என்று நீங்கள் எழுதியதை நான் வாசிக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு: காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 70இலிருந்து 100க்குப் போனால் அது இரட்டிப்பாகிறது. கழுத்துக்கு மலிவான மருந்து எது என்று புரிந்திருக்கும்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். ஆட்டம் காற்றால் வருவதில்லை, குழம்பிய காற்றால் வருகிறது. கண்ணாடியின் மேல் விளிம்பில் உடைகிற காற்று சுழன்று சுழன்று போய் உங்கள் ஹெல்மெட்டில் அடிக்கிறது. வீதி வெறிச்சோடி இருக்கும்போது நேர்ப்பாதையில் சில வினாடி கால்மிதியில் எழுந்து நின்று பாருங்கள். சத்தமும் ஆட்டமும் நின்று சீரான காற்று மட்டும் தள்ளினால், குற்றவாளி கண்ணாடிதான். அடுத்ததாக அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஒரு நாள் ஓடுங்கள். கண்ணாடியே இல்லாமல்தான் சுகம் என்று கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இந்தக் கேள்விபதில் இங்கேயே முடிந்தது.

மற்றவர்கள் காசு கொடுப்பதற்கு முன் அட்டையில் செய்து பாருங்கள். விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிற, உள்ளே குழல் குழலாக இருக்கிற பிளாஸ்டிக் அட்டை இதற்கென்றே செய்த மாதிரி, தேர்தல் முடிந்த கிழமையில் அதற்குப் பஞ்சமே இல்லை. இருக்கிற கண்ணாடியின் மேல் ஒரு கையகலத் துண்டை டேப்பால் ஒட்டி 60இல் ஓடுங்கள், சாய்வை மாற்றுங்கள், உயரத்தை வெட்டிக் குறையுங்கள், திரும்ப ஓடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். கண்ணாடியை அதன் பிடியிலிருந்து ஒரு வாஷர் தடிப்புக்கு முன்னால் தள்ளி, அடிப்பக்கம் காற்றுப் புக இடைவெளி விட்டும் பாருங்கள். பின்னால் வெற்றிடம் மாதிரி இழுக்கிற இடத்துக்குக் கொஞ்சம் காற்றுப் போனால் சுழல் அடங்குகிறது, பலருக்கு இது மட்டுமே போதுமாக இருக்கிறது.

அளவு பிடிபட்டதும் 3 மில்லிமீற்றர் பொலிகார்பனேற் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டுங்கள். அக்ரிலிக் மலிவு, பளபளப்பும் கூட, ஆனால் துளை போடும்போது படீரென்று வெடிக்கும், விழுந்தால் கத்தியாகச் சிதறும். துளை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரு பக்கமும் ரப்பர் வாஷரோடு, மிக இறுக்காமல். போல்ட் கழராமலிருக்கப் பூசுகிற பசையைப் பொலிகார்பனேற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பெற்றோல் துணியாலும் துடைக்காதீர்கள், இரண்டுமே அதில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழுத்தும். சோப்புத் தண்ணீர் போதும். மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்துக்கு மேல் வரவே கூடாது. கண்ணாடிக்கு மேலால் வீதியைப் பார்க்க வேண்டும், கண்ணாடிக்குள்ளால் அல்ல. இரவு மழையில் எதிரே ஒரு பஸ் வெளிச்சம் அடிக்கும்போது ஏன் என்று தெரியும். ஆனையிறவிலும் மன்னார்ப் பாலத்திலும் பக்கக் காற்றுக்குப் பெரிய கண்ணாடி பாய்மரமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் கணவர் தன் வண்டியில் தனக்கு எல்லாம் செய்துகொள்கிறார். பின்னால் இருக்கிற எனக்கு என்ன? பிரேக் போட்டால் அவர் முதுகில் போய் மோதுகிறேன், ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக் டொக் என்கிறது, முழங்கால் விண்விண் என்று தெறிக்கிறது.
ஆசிரியை, தெஹிவளை

பதில்: அக்கா, இந்தப் பதிலை வெட்டிக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டுங்கள், அவர் கண்ணில் படட்டும்.

நீங்கள் ஏறும் நாளில் பின் ஸ்பிரிங்கை அவர் கட்டாயம் இறுக்க வேண்டும். தனியாளுக்கு வைத்த அளவில் இரண்டு பேர் போனால் பின்பக்கம் அமிழ்ந்து கிடக்கும், ஒவ்வொரு குழியும் உங்களுக்குத்தான், இரவில் முன்விளக்கு மரத்தில் குருவி தேடும். அதற்கு ஐந்து நிமிடம் செலவழிக்காதவர் உங்களுக்கு வேறெதுவும் செய்து பிரயோசனமில்லை.

முன்னால் வழுக்குவதற்குப் பின் ஸீட்டின் முன் விளிம்பில் ஒரு விரல் உயரத்துக்கு ஆப்பு வைத்துச் சமதளமாக்கினால் பாதி தீரும். மீதி கைப்பிடி. அவருடைய இடுப்பைப் பிடிப்பதைவிட உங்கள் தொடைக்குப் பக்கத்தில் உறுதியான கம்பி இருந்தால் பிரேக்கின்போது நீங்களே உங்களைத் தாங்கலாம். பின்னால் பெட்டி பூட்டியிருந்தால் அதன் முன்பக்கத்தில் ரெக்சின் சுற்றிய ஸ்பொஞ்ச் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள், முதுகுக்குச் சாய்மானம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் மழைக்கோட்டும் பிஸ்கட்டும் மட்டும், வீட்டுக்குப் போகிற பத்துக் கிலோ அரிசி வேண்டாம். பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற எடை முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து ஹாண்டிலை ஆட வைக்கும், அந்தக் கம்பிச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது.

முழங்காலுக்கு, பின் கால்மிதியைத் தாழ்த்தலாம், ஆனால் அது சட்டத்தோடு சேர்ந்த பகுதி, வீட்டில் வெல்டிங் செய்கிற வேலையல்ல. ஸீட்டை ஒரு அங்குலம் உயர்த்தினால் அதே பலன், பத்திரமும் கூட. மற்றபடி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குவதுதான். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது சாரதியின் கடமை.

கேள்வி: ஐந்தடி இரண்டு அங்குலம். ட்ரெயில் பைக்கில் இரண்டு காலும் எட்டவில்லை. பின் ஷொக்கை இணைக்கிற லிங்க் துண்டை மாற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்தலாமா?
மட்டக்குளி வாசகர்

பதில்: கடைசியாகச் செய்யுங்கள். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் திருப்பும் குணம் மாறும், அடி தட்டும், பக்க ஸ்டாண்ட் நீளமாகி வண்டி நிமிர்ந்து நின்று ஒரு நாள் மற்றப் பக்கம் விழும். ஸீட்டின் முன் பாதியில், தொடை உரசுகிற இரு பக்க விளிம்புகளை மட்டும் செதுக்கிப் பாருங்கள். உயரம் குறையாது, ஆனால் கால் வெளியே விரியாமல் நேரே கீழே போகும், அதுவே ஒரு அங்குலம் தரும். தடித்த அடியுள்ள சப்பாத்து இன்னொரு அரை அங்குலம். ஒரு கால் முழுதாக ஊன்றினால் போதும், இரண்டும் வேண்டும் என்று சட்டமில்லை.

கேள்வி: போன் சார்ஜர் வயரை எங்கே கொடுப்பது? நண்பர் முன்விளக்கு வயரில் முறுக்கி விட்டிருக்கிறார்.
கிருலப்பனை வாசகர்

பதில்: அதை இன்றே கழற்றுங்கள். பற்றரியின் பொசிற்றிவிலிருந்து தனி வயர், பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 அம்பியர் பியூஸ், பிறகு சாவி போட்டால் மட்டும் மின்சாரத்தை விடுகிற ஒரு ரிலே சுவிட்ச், அப்புறம்தான் சார்ஜர். பியூஸைச் சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசிச் சட்டத்தில் பட்டதும் தீப்பிடிக்க அதற்கு முழுச் சுதந்திரம். ஐபோன் என்றால் ஹாண்டிலில் நேராகப் பூட்ட வேண்டாம், பைக் என்ஜின் அதிர்வு கமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. ரப்பர் அதிர்வுதாங்கி உள்ள பிடி வாங்குங்கள், அல்லது போனைச் சட்டைப் பையில் போட்டுக் காதில் வழி கேளுங்கள்.

கேள்வி: மார்கழியில் நுவரெலியா போகிறோம். சூடேறும் கிரிப் பூட்டவா?
நண்பர்கள் நால்வர், பம்பலப்பிட்டி

பதில்: வருடத்தில் இரண்டு நாளுக்காகவா? அது 30, 40 வாட் இழுக்கும், சின்ன வண்டிக்குப் பெரிய செலவு. 1,868 மீற்றர் உயரம், கொழும்பைவிடப் பன்னிரண்டு பாகையாவது குறைவாக இருக்கும், ஆனால் விரலை விறைக்க வைப்பது குளிரைவிட அதில் அடிக்கிற ஈரக் காற்று. கையை மறைக்கிற பிளாஸ்டிக் காப்பு ஒரு சோடி பூட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் ஐந்து லீற்றர் எண்ணெய்க் கானை நீளவாக்கில் பிளந்து, ஓரத்தை மழித்து, லீவர் தடையில்லாமல் அசைகிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். பார்க்க அசிங்கம், வேலை செய்யும். பாமசியில் விற்கிற மெல்லிய ரப்பர் கையுறையைப் போட்டு அதன்மேல் வழக்கமான கையுறையைப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் றம்பொடையில் இறங்கி ஒரு பிளேன்டீ சொல்லி, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.